கோபம் என்று நான் எழுதிய நோய்

ஓய்வு பெற்ற டாக்டர்களைப் பேசச் சொன்னால் எல்லாரும் தாங்கள் காப்பாற்றிய உயிர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் ஐசியுவில் குப்பை கொட்டியவள். காப்பாற்றிய கதைகள் என்னிடமும் இருக்கின்றன. அவற்றை என் மருமகனிடம் சொல்லி அவனைத் தூங்க வைக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, நான் ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்த கதையைச் சொல்கிறேன். அதைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. அது ஒரு தமிழ் டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெரிய டாக்டர். கெட்ட வார்த்தை இல்லாமல் அவர் ஒரு வாக்கியம் முடித்ததில்லை. அவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்: “மூச்சு முட்டுதுன்னா எல்லாப் பயலும் நுரையீரலைப் பார்ப்பான், அப்புறம் இதயத்தைப் பார்ப்பான். நெஞ்சை ஆட்டுறது தசை, தசையை ஆட்டுறது நரம்புன்னு ஒருத்தனுக்கும் ஞாபகம் வராது.” நான் அதை ஒரு நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தேன். கோடு போட்டதோடு என் கடமை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

நுரையீரல் கெட்டவர் ஊரைக் கூட்டுவார். கட்டிலைப் பிடித்து ஆட்டுவார், முகக்கவசத்தைப் பிடுங்கி எறிவார், தாதியரைத் திட்டுவார். நரம்பு தளர்ந்து மூச்சு போகிறவர் அப்படி எதுவும் செய்ய மாட்டார். சத்தம் போடுவதற்கும் தசை வேண்டும் அல்லவா? அவர் அமைதியாகப் படுத்திருப்பார். அமைதியான நோயாளி என்றால் எந்த வார்டுக்கும் கொள்ளைப் பிரியம்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு மாசம் முன்னால், நம் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் இது நடந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது, கட்டடம் பாவம். அங்கே எங்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பெண்கள் வார்டிலிருந்து ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர், நூருல் கூப்பிட்டாள். வேலைக்கு வந்து நாலு மாசம் ஆன மலாய்ப் பெண். சன்னமான குரல். எதைப் பேசினாலும் மன்னிப்புக் கேட்பது மாதிரியே இருக்கும். நாங்கள் பேசிக்கொண்டது பாதி மலாய், பாதி ஆங்கிலம். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

“பாஸ், பதினாலாம் கட்டில் அம்மா மூச்சு பத்தலைன்னு சொல்றாங்க. ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா?”

“ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது?”

“தொண்ணூத்தெட்டு.”

“அப்புறம் என்ன? எனக்கே தொண்ணூத்தாறுதான்.”

விரலில் கிளிப் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஓர் எண் வரும். அதை நாங்கள் சாமி மாதிரி கும்பிட்டு வந்தோம். நீங்களும் கும்பிடுகிறீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

“இல்ல பாஸ், ஒரே மூச்சுல இருபது வரைக்கும் எண்ணச் சொன்னேன். ஒன்பதோட நின்னுட்டாங்க.”

ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது பழைய சோதனை. மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மூச்சுத் தசையில் பலம் இருந்தால் தாராளமாக எண்ணிக்கொண்டே போகலாம். பலம் குறையக் குறைய எண்ணிக்கை குறையும். நூருல் அதைச் சரியாகத்தான் செய்திருந்தாள். நான் ஐசியுவிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினேன்.

வார்டு வாசலிலேயே ஒருவர் என்னை மறித்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த ஆள். பேர் குணசேகரன், எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். பதினாலாம் கட்டிலில் படுத்திருந்த தனலெட்சுமியின் கணவர். செமிலிங்கில் வீடு. அவள் கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்கிறவள், வயது நாற்பத்தாறு. புதன்கிழமை பாதத்தில் மதமதப்பு, வியாழக்கிழமை காலில் தளர்ச்சி என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் கொஞ்சம் குறைவாக இருந்தது. அதனால்தான் கால் தளர்ந்தது என்று வார்டு டாக்டர்கள் சொட்டு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“டாக்டர், தமிழா நீங்க? நல்லதாப் போச்சு,” என்றார். “அந்தச் சின்ன டாக்டருக்குச் சொன்னா வெளங்கல. அவளுக்கு நோய் இல்ல டாக்டர். எம்மேல கோவம் லா.”

“என்ன கோபம்?”

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“போன வெள்ளிக்கெழம கோலா கெத்தில்ல அவ அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுனாங்க. நான் போவல. லாரி ரோசாக் ஆயிருச்சு, நடு ரோட்டுல நிக்கிறேன்னு போன் பண்ணிட்டேன்.”

“உண்மையிலேயே லாரி கெட்டுப்போச்சா?”

“இல்ல டாக்டர். மெர்போக் ஆத்துல மீன் புடிச்சிக்கிட்டு இருந்தேன். கூட வந்தவன் ஒருத்தன், நான் சியாக்காப் மீன வச்சிக்கிட்டு சிரிக்கிற மாதிரி படம் எடுத்து வாட்ஸாப் குரூப்புல போட்டுட்டான். அந்தக் குரூப்புல அவ அண்ணனும் இருக்காரு.”

“மீன் பெரிசா?”

“அதான் டாக்டர் வேதன. இத்துனூண்டு.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கோபம் வந்தால் அவள் சண்டை போட மாட்டாளாம். பேச்சை நிறுத்தி, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொள்வாளாம். வழக்கமாக மூன்று நாள். “இந்தத் தடவ ஒரு வாரம் ஓடிருச்சு. நேத்துலேர்ந்து இன்னும் மோசம். என்ன சொன்னாலும் மூஞ்சி அசைய மாட்டேங்குது,” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். நோய் என்னவென்று அந்த மனிதர் எனக்குத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார். நானோ மீனைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தனலெட்சுமி கழுத்து வரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நான் போய் நின்றதும் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

“மூச்சு எப்படி இருக்கும்மா?”

“தாப்பா லா டாக்டர்,” என்றாள், வாய்க்குள்ளேயே.

பரவாயில்லை என்கிறாள். நம் ஆட்கள் டாக்டரிடம் வேறு எதைச் சொல்லியிருக்கிறார்கள்? பாம்பு காலைச் சுற்றிக்கொண்டிருந்தாலும், டாக்டர் கேட்டால் பரவாயில்லை என்பார்கள். நான் போர்வைக்கு மேலாகவே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். நெஞ்சு சுத்தம். கிளிப்பைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

“பாஸ்,” என்றாள் நூருல். “முட்டியில தட்டினா கால் உதறல. ரெண்டு பக்கமும்.”

“உன் சுத்தியல் எங்க வாங்கினது? பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையிலயா?”

அவள் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “வீட்டுக்காரர் ஏதோ மீன் கதை சொல்றார். மீன் பிடிச்சதுக்கும் முட்டி உதறாததுக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?”

“உனக்கு விளங்காது. இது எங்க ஆளுங்க சமாச்சாரம்.”

இதுதான் நான் முதலில் சொன்ன தவறு. நான் செமிலிங்குக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அத்தை ஒருத்தி ஒரு தீபாவளிக்கு முகத்தைத் தூக்கி வைத்தால் அடுத்த தீபாவளிக்குத்தான் இறக்குவாள். இந்தக் கோபத்தின் முழு இலக்கணமும் எனக்குத் தெரியும். அந்தத் தெரிந்த கதையே என் கண்ணை மறைத்துவிட்டது. நூருலுக்கு மைத்துனர் வீட்டுப் பால் காய்ச்சுவதும் தெரியாது, அதற்குப் போகாமல் மீன் பிடிக்கப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியாது. அதனால் அவள் நோயாளியைப் பார்த்தாள். காலுக்குப் பொட்டாசியம், முகத்துக்குக் கோபம், மூச்சுக்கு மனக்கலக்கம் என்று நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துவிட்டேன். ஒன்பதோடு எண்ணிக்கை நின்றதற்குக்கூட, மலாயில் எண்ணச் சொன்னால் இஷ்டமில்லாமல்தான் எண்ணுவாள் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். நோயாளியின் கோப்பில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: குடும்பத்தில் சண்டை, மனக்கலக்கம், ஒத்துழைப்புக் குறைவு, ஐசியு தேவையில்லை. கீழே கையெழுத்தும் போட்டேன். கோபம்தான், தானாகச் சரியாகிவிடும் என்று வாசலில் குணசேகரனிடமும் சொல்லிவிட்டுப் போனேன். ஐசியு டாக்டரே அப்படி எழுதிவிட்டால் வார்டில் வேறு யார் வாய் திறப்பார்கள்?

நூருல் திறந்தாள். சனிக்கிழமை காலையில் மறுபடி கூப்பிட்டாள். ரத்தவாயுச் சோதனை செய்திருந்தாள். கரியமிலவாயு சரியான அளவில் இருக்கிறது, ஆனால் மூச்சு மட்டும் நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல் போகிறது என்றாள்.

“சரியான அளவுல இருந்தா சரிதானே?” என்றேன்.

இப்போது நீங்கள் என்னைத் திட்டலாம். நாய் மாதிரி இரைக்கிற ஒருவருக்குக் கரியமிலவாயு குறைந்திருக்க வேண்டும். குறையாமல் இருக்கிறதென்றால் மூச்சு மேலோடு போய் மேலோடு வருகிறது, ஆள் களைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். தேர்வில் கேட்டு மாணவர்களை ஃபெயிலாக்கியிருக்கிறேன். கதை ஒன்று மனசில் உட்கார்ந்துவிட்டால் தெரிந்ததும் தெரியாமல் போய்விடுகிறது. “ஞாயித்துக்கெழம நரம்பு டாக்டர்கிட்ட கேக்கலாம்,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பன்னிரண்டரை மணி இருக்கும், மூன்றாவது தடவை போன் வந்தது. “பாஸ், மைலோ குடிக்கக் குடுத்தோம். மூக்கு வழியா வருது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் படியிறங்கிப் போனது நோயாளியைப் பார்க்க அல்ல. ஹவுஸ்மேனைத் திட்டுவதற்காகத்தான் போனேன். சொல்ல வேண்டிய வாக்கியங்களைக்கூடப் படியிலேயே தயார் பண்ணிக்கொண்டேன்.

பார்வையாளர் நேரம். வார்டு முழுக்க சொந்தக்காரர்கள், பிளாஸ்டிக் பைகள், குழம்பு வாசனை. பதினாலாம் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. பக்கத்துக் கட்டில் மாக்சிக், வயதான மலாய்க்கார அம்மா ஒருவர், போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால், குணசேகரன் இரண்டு காதையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு மனைவியின் கட்டிலுக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்.

“இனிமே மெர்போக் பக்கம் போவ மாட்டேன்,” ஓர் எழும்பல். “தூண்டில ஒடச்சிப் போட்டுட்டேன்,” இன்னோர் எழும்பல். “ஒங்கண்ணன் கால்ல வுழுந்துட்டேன். அவரு மன்னிச்சிட்டாரு, நீ மன்னிக்க மாட்டியா? சிரி தனம், ஒரே ஒரு தடவ!” ஐம்பது வயது லாரிக்காரர், முட்டி கடகடவென்று சத்தம் போட, மூச்சு வாங்க வாங்க எழுந்து உட்கார்ந்தார். வார்டே சிரித்தது. எதிர்க்கட்டில் சீனத்துப் பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். திட்ட வந்த நானும் சிரித்தேன்.

தனலெட்சுமி சிரிக்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். கண் இரண்டிலும் நீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் அசையவே இல்லை. உதடு நடுங்கவில்லை, புருவம் சுருங்கவில்லை, கன்னம் கோணவில்லை. அழுகிற முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இவள் கண் அழுதது, முகம் அதில் சேரவில்லை.

என் சிரிப்பு அப்படியே நின்றது. அப்படி ஒரு நொடி உங்களுக்கும் ஒரு நாள் வரும், வராத டாக்டரே கிடையாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் போர்வையை எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய போர்வை. மூச்சு உள்ளே போகும்போது வயிறு மேலே எழும்ப வேண்டும். அவளுக்கு உள்ளே குழிந்தது. மூச்சைத் தூக்கிப் பிடிக்கிற பெரிய தசை, உதரவிதானம், வேலையை விட்டுக்கொண்டிருந்தது. கழுத்துத் தசைகள் மட்டும் கயிறு மாதிரி இழுத்துக்கொண்டு போராடின.

“தனம், கண்ண இறுக்கி மூடும்மா.”

மூடப் பார்த்தாள். இமை பாதி வழியில் நின்றுவிட்டது. வெள்ளை தெரிந்தது.

“தலைய தலகாணிலேர்ந்து தூக்கு.”

தலை நகரவில்லை.

“ஒரே மூச்சுல எண்ணு. தமிழ்லயே எண்ணும்மா.”

“ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு...” அடுத்த எண்ணுக்குக் காற்று இல்லை. நேற்று மலாயில் ஒன்பது, இன்று தாய்மொழியில் ஐந்து. ஒத்துழைப்புக் குறைவு என்று எழுதியவளுக்கு நல்ல மறுமொழி.

கில்லன் பாரே. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையைத் தின்கிற நோய். பாதத்தில் மதமதப்பாக ஆரம்பித்து மேலே ஏறும். முட்டி உதறாது. முகம் போகும், தொண்டை போகும், மூச்சு போகும். பெரும்பாலும் ஒரு சளிக்கோ வயிற்றுப்போக்குக்கோ பிறகு வரும். அவளுக்குப் பால் காய்ச்சுவதற்குச் சில நாள் முன்னால் நல்ல வயிற்றுப்போக்கு இருந்திருக்கிறது. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் மீனின் நீளத்தைக் கேட்டேன்.

கிளிப் இன்னமும் தொண்ணூற்றேழு காட்டிக்கொண்டிருந்தது. அந்த எண் விழும்வரை காத்திருந்தால், அதோடு சேர்ந்து இதயமும் நின்றுபோகும். உடனே மேலே கொண்டுபோய்க் குழாய் வைத்து, மெஷினோடு சேர்த்துவிட வேண்டும். ஐசியுவில் இருந்தது ஒரே கட்டில். அறுவை முடிந்து வரப்போகும் ஒருவருக்காக அதை வைத்திருந்தார்கள். அறுவை டாக்டருக்குப் போன் போட்டு, உங்கள் ஆளை அறுவை அறையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருங்கள் என்றேன். அவர் என் பரம்பரையை விசாரித்தார். என் பரம்பரை அதையெல்லாம் தாங்கும்.

குணசேகரனைத்தான் சமாளிக்க முடியவில்லை. காதிலிருந்து கையை எடுக்காமலே நின்றார்.

“மெஷினா? வேணாம் டாக்டர். மெஷின் போட்டா முடிஞ்சிச்சுனு அர்த்தம். எங்க கங்காணிக்குப் போட்டாங்க, மூணு நாள்ல போயிட்டாரு. இவளுக்குக் கோவம்தான் டாக்டர். நேத்து நீங்களே சொன்னீங்களே? சிரிச்சீங்களே? நான் இன்னும் அம்பது போடுறேன். நூறு போடுறேன்.”

நேற்று நீங்களே சொன்னீர்களே. சுற்றி வளைக்க நேரம் இல்லை.

“தம்பி, நேத்து நான் சொன்னது தப்பு. சரியா பாக்காம சொல்லிட்டேன். இவங்க கோவமா இல்ல. மூஞ்சிய அசைக்க முடியல. மூச்சும் அதே மாதிரி நிக்கப் போவுது. இன்னும் கொஞ்ச நேரந்தான். கங்காணிக்கு என்ன நோயின்னு எனக்குத் தெரியாது. இந்த நோய் திரும்பும். திரும்புற வரைக்கும் இவங்களுக்காக மெஷின் மூச்சு விடும்.”

பிறகு அவளிடம் குனிந்தேன். அவள்தானே விழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்? “தனம், தூங்க வச்சு தொண்டையில குழாய் வைக்கப் போறேன். சரின்னா மேலே பாரு.”

அவள் முதலில் கணவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தது மாதிரி இருந்தது, இரண்டு நொடிகூட இருந்திருக்காது. பிறகு கண்ணை மேலே தூக்கினாள். குணசேகரன் காதை விட்டார்.

லிஃப்டில் நான், நூருல், ஒரு தாதி, கட்டிலில் தனலெட்சுமி. இரண்டே மாடி. முதல் மாடி தாண்டுவதற்குள் தொண்டையில் எச்சில் அடைத்துக்கொண்டது. இருமத் தெம்பு இல்லை. ஒரு சத்தமும் வரவில்லை, நெஞ்சு நின்றுவிட்டது. நாங்கள் கும்பிட்ட எண் தொண்ணூறு, எண்பது, எழுபது என்று படிகளில் உருண்டு விழுந்தது. நான் கையை நீட்டினேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அவசரத்தில் கீழிருந்து எதையும் எடுத்துவரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நூருல் கட்டிலின் காலடியிலிருந்து உறிஞ்சு குழாயையும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பையையும் எடுத்தாள். யாரும் சொல்லாமலே எடுத்து வைத்திருக்கிறாள். எச்சிலை உறிஞ்சிவிட்டு, அந்தச் சின்னக் கைகளால் பையை அமுக்கினாள். நெஞ்சு எழும்பியது.

“எப்ப எடுத்து வச்சே?” என்றேன்.

“நேத்தே பாஸ்,” என்றாள், மன்னிப்புக் கேட்கிற அதே குரலில். “நீங்க எழுதிட்டுப் போனதுக்கு அப்புறம்.”

மேலே போய்க் குழாய் வைத்தோம். அதில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவசரத்துக்கு வழக்கமாக ஒரு மருந்து போட்டுத் தசையைத் தளர்த்துவோம். இந்த நோயில் அதைப் போட்டால் பொட்டாசியம் திடீரென்று ஏறி இதயம் நிற்கலாம். கை பழக்கத்தில் அதைத்தான் தேடிப் போனது. நடுவழியில் நிறுத்தி வேறு மருந்தை எடுத்தேன். இரண்டு நாளில் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் எங்கள் மாதாந்தரக் கூட்டத்தில், கோப்பில் நான் எழுதியதை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தேன். இப்படி அவமானப்படத் தேவையில்லையே என்று ஒரு நண்பர் காதில் சொன்னார். அவமானப்பட்டது நல்லதுதான், ரொம்ப நாளாக நான் பட்டிருக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நூருலின் சுத்தியலைக் கேட்டு வாங்கி என் முட்டியில் தட்டிப் பார்த்தேன். கால் நன்றாக உதறி முன் நாற்காலியில் இடித்தது. நல்ல சுத்தியல். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதிலுக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

தனலெட்சுமி ஐந்து வாரம் மெஷினில் இருந்தாள். ஒரு கட்டத்தில் கண்மணியைத் தவிர எதுவும் அசையவில்லை. ஆனால் முழு நினைவு. எங்கள் ஐசியு ஆட்கள் அவள் தலைமாட்டில் நின்று சாப்பாட்டைப் பற்றியும் இடமாற்றத்தைப் பற்றியும் பேசினால் துரத்திவிடுவேன். அவளுக்கு எல்லாம் கேட்கும், பதில் சொல்லத்தான் முடியாது. குணசேகரன் தினமும் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு எந்தத் தோட்டத்தில் எத்தனை நடை ஓட்டினேன் என்று ஒப்பித்துவிட்டுப் போவார். அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நோயைப் பற்றி நான் எத்தனை தடவை விளக்கியும், அது ஒரு பக்கம், கோபம் இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏழெட்டு மாசம் கழித்து, நான் ஓய்வு பெறுகிற வாரத்தில், இருவரும் கிளினிக்குக்கு வந்தார்கள். அவள் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு தானாக நடந்து வந்தாள். பிறகு கழுத்தில் துளையிட்டுக் குழாயை மாற்றிப் போட்டிருந்த இடத்தில் சின்னத் தழும்பு. அவர் மருந்துப் பையோடு பின்னால் வந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை கோப்பில் எழுதியதை அவளிடம் சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். இதற்கு முன் எந்த நோயாளியிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

“நீங்க எழுதுனது எனக்கெங்க டாக்டர் தெரியும்?” என்றாள். “நான் பயந்தது அதுக்கில்ல.”

“பிறகு எதுக்கு?”

“வியாழக்கெழம எனக்குக் கால் வுழுந்துச்சுல்ல? இவருதான் என்னத் தூக்கிக்கிட்டுப் போயி லாரில உக்கார வச்சாரு. இடுப்பு வலிக்காரரு. அப்பவே கோவம் போயிருச்சு டாக்டர். சொல்லலாம்னு இருந்தேன், இன்னும் ரெண்டு நாள் கெஞ்சட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் சொல்றதுக்கு மூஞ்சி இல்ல, வாயி இல்ல. இவரு காதப் புடிச்சிக்கிட்டு எழுந்து எழுந்து உக்காருறாரு. எனக்கு மூச்சு போவுது, நான் செத்துருவேன்னு தெரியுது. நான் செத்தா இந்த மனுசன், எம் பொண்டாட்டி கடைசி வரைக்கும் என்ன மன்னிக்காமலே செத்துட்டானு நெனச்சிக்கிட்டு இருப்பாரேனுதான் டாக்டர் அழுதேன்.”

குணசேகரனுக்கு அன்றுவரை அது தெரியாது. அவர் மருந்துப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் அவர் உள்ளே வரவில்லை. தனலெட்சுமி மேசைமேல் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.